ஐஈஎல்டிஎஸ் ரைட்டிங்கில் மட்டும் 6-லேயே நிற்கிறேன். 7 வாங்க எப்படித் தயாராவது?

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7-க்கு மேல் வந்துவிட்டது, ரைட்டிங் மட்டும் இரண்டு முறையும் 6 என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் நிறைய வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். நானும் இதே இடத்தில் நின்றவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். முதல் முறை 6 வந்ததும், கனமான சொற்களாகத் தேடித் தேடி நோட்டில் எழுதி இரண்டு மாதம் மனப்பாடம் செய்தேன். இரண்டாவது முறையும் 6. அதற்கு அப்புறம்தான் என் பழைய பயிற்சிக் கட்டுரைகளை எடுத்து, இந்தப் பக்கம் கேள்வி, அந்தப் பக்கம் கட்டுரை என்று வைத்துப் படித்தேன். பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளில், கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் காட்டுகிறேன். கேள்வி இது: "சில நகரங்களில் பேருந்துப் பயணத்தை எல்லோருக்கும் இலவசமாக்குகிறார்கள். இதன் நன்மைகள் தீமைகளைவிட அதிகமா?" நான் ஒரு பத்தியில் நெரிசல் குறையும், புகை குறையும், ஏழைகளுக்கு உதவும் என்று மூன்று நன்மைகளை எழுதியிருந்தேன். அடுத்த பத்தியில் அரசுக்குச் செலவு கூடும், பேருந்தில் கூட்டம் கூடும் என்று இரண்டு தீமைகள். கடைசியில், இதில் நன்மையும் உண்டு தீமையும் உண்டு என்று முடித்திருந்தேன். பெரிய இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் பட்டியல் கேட்கவில்லை, எடை போடச் சொன்னார்கள். எந்தத் தட்டு கனம், ஏன் கனம் என்பது என் கட்டுரையில் எங்கேயும் இல்லை.

அதே கேள்விக்கு மறுபடி எழுதினேன். முதல் பத்தியிலேயே நன்மைதான் அதிகம் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது பத்தியில் செலவை எடுத்துக்கொண்டேன்: பேருந்துகளைப் பராமரிக்கும் பணத்துக்கு அரசு வேறு வழி தேட வேண்டும், அது உண்மையான சிக்கல்தான் என்று ஒப்புக்கொண்டேன். மூன்றாவதில் ஒரே ஒரு நன்மை. வேலை தேடும் ஒருவர் போகவரும் காசைப் பற்றி யோசிக்காமல் தூரத்தில் இருக்கும் நேர்காணலுக்கும் போகலாம், வேலை கிடைத்தால் வரி கட்டுவார், செலவில் ஒரு பகுதி அப்படியே திரும்பி வரும், அதனால் தட்டு இந்தப் பக்கம் சாய்கிறது. மூன்று நன்மைகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது, ஆனால் அது கடைசிவரை விளக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு கனமான சொல்கூட இல்லை.

திருத்துபவர்கள் நான்கு விஷயங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள், நான்குக்கும் சம பங்கு: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, எழுத்து கோர்வையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். ஒவ்வொரு பேண்டுக்கும், அதாவது 6, 7 போன்ற ஒவ்வொரு மதிப்பெண் நிலைக்கும், என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற அட்டவணையை ஐஈஎல்டிஎஸ் தளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். அதில் 6, 7 ஆகிய இரண்டு வரிசைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான் காசு கொடுத்துச் சேர்ந்த வகுப்புகளைவிட அந்த ஒரு தாள் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

கோர்வை என்றதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மோர்ஓவர், ஃபர்தர்மோர் என்று தொடங்குவது நம்மில் பலருக்குப் பழக்கம். இணைப்புச் சொற்களை இயந்திரம் மாதிரி போடுவதைக் குறையாகவே அந்த அட்டவணை சொல்கிறது. முந்தைய வாக்கியத்தில் சொன்னதையே அடுத்த வாக்கியம் பிடித்துக்கொண்டு போனால் இணைப்புச் சொல்லே பல இடங்களில் தேவைப்படாது. 'இன் டுடேஸ் மாடர்ன் வேர்ல்ட்' என்று தொடங்கும் மனப்பாட முன்னுரையையும் விட்டுவிடுங்கள். அது எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் என்பதே அதன் குறை. கேள்வித்தாளின் வரியை அப்படியே எடுத்து எழுதினாலும் அந்தச் சொற்கள் கணக்கில் வராது.

ரைட்டிங்கில் இரண்டு பகுதிகள். இதுவரை பேசிய கட்டுரை டாஸ்க் 2. டாஸ்க் 1 பற்றிச் சுருக்கமாக. அகாடமிக் தேர்வு என்றால் வரைபடமோ அட்டவணையோ வரும், ஜெனரல் டிரெய்னிங் என்றால் கடிதம். வரைபடத்தில் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பித்துவிட்டு, மொத்தப் போக்கைச் சொல்லும் ஓவர்வியூவை விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு. "மொத்தத்தில் கார் பயன்பாடு ஏறிக்கொண்டே போனது, பேருந்துப் பயணம் அதே வேகத்தில் இறங்கியது" என்கிற மாதிரி, ஓர் எண்கூட இல்லாமல் இரண்டு வரி போதும். முன்னுரைக்கு அடுத்தே அதை எழுதிவிட்டால் மறக்காது. கடிதத்தில் யாருக்கு எழுதுகிறோம் என்பதற்கேற்ற தொனி வேண்டும், கொடுத்த மூன்று குறிப்புகளையும் தொட வேண்டும்.

இலக்கணத்தில் தமிழ் பேசும் நமக்கென்றே சில சறுக்கல்கள் உண்டு. தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் 'எ', 'தி' இரண்டும் நம் கையில் தானாக வராது. 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைஸஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று பன்மையே இல்லாத சொற்களுக்குப் பன்மை போட்டுவிடுவோம். 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிட்டர்ன் பேக்' இரண்டும் பேச்சில் புழங்கிப் புழங்கித் தவறாகவே தோன்றாது. 7-க்கு எல்லா வாக்கியமும் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை, பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வந்தால் போதும். ஆகவே புதிதாக இலக்கணம் படிப்பதைவிட, திரும்பத் திரும்பச் செய்யும் நாலைந்து பிழைகளை நிறுத்துவது சீக்கிரம் பலன் தரும். நான் கட்டுரையைக் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்கு ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்துவேன். அப்படிப் படிக்கும்போது பொருள் நம்மை இழுத்துக்கொண்டு போகாது, விட்டுப்போன 'தி' கண்ணில் படும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். தினம் ஒரு புதுக் கேள்வி எழுதுவதை நிறுத்துங்கள். வாரத்துக்கு இரண்டு கேள்வி போதும், ஆனால் ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுதுங்கள். முதல் நாள் கடிகாரம் இல்லாமல். அடுத்த நாள் திருத்தி, தேவைப்பட்டால் ஒரு பத்தியையே தூக்கிவிட்டு. நாலு நாள் கழித்துப் பழையதைப் பார்க்காமல், 40 நிமிடத்தில். அந்த மூன்றாவதை ஒரு நண்பரிடம் கொடுங்கள். கேள்வியைக் காட்டாமல், "இதில் என்ன கேள்வி கேட்டிருப்பார்கள்? நான் என்ன பதில் சொல்கிறேன்?" என்று கேளுங்கள். என் அக்காவிடம் முதல் தடவை கொடுத்தபோது, "பேருந்து பற்றி ஏதோ எழுதியிருக்கிறாய்" என்றுதான் சொன்னாள். திருத்தி எழுதியதைப் படித்துவிட்டுக் கேள்வியைக் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். ஆங்கிலத்தில் புலமை உள்ளவர்தான் வேண்டும் என்பதில்லை, பொறுமையாகப் படிப்பவர் போதும்.

நேரம் மொத்தம் 60 நிமிடம். டாஸ்க் 1-க்கு 150 சொற்களாவது, டாஸ்க் 2-க்கு 250 சொற்களாவது எழுத வேண்டும். டாஸ்க் 2-க்கு இரு மடங்கு மதிப்பு. எதை முதலில் எழுதினாலும் சரி. நான் டாஸ்க் 2-ஐ முதலில் முடித்தேன், மனம் தெளிவாக இருக்கும் நேரம் அதற்குப் போகட்டும் என்று. முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாமல், என் பதில் என்ன என்பதை ஒரே வாக்கியமாக மனதில் சொல்லிப் பார்ப்பேன். அது வராவிட்டால் எழுதத் தொடங்கமாட்டேன். அடித்துத் திருத்தி எழுதும் பழக்கம் இருந்தால் கணினியில் எழுதும் தேர்வு வசதி. திரையிலேயே சொல் எண்ணிக்கை தெரியும். ஆனால் எழுத்துப்பிழையை அது காட்டிக்கொடுக்காது, ஆகவே வீட்டில் பயிற்சி செய்யும்போதே ஸ்பெல் செக்கை அணைத்துவையுங்கள்.

மூன்றாவது முறை எனக்கு 7 வந்தது.

உங்களுக்கு மற்ற மூன்றும் கையில் இருப்பதால் இன்னொன்றையும் பாருங்கள். ஒன் ஸ்கில் ரீடேக் என்று ஒரே ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி பல நாடுகளில் இருக்கிறது. முதல் தேர்வு எழுதிய நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் அந்த மதிப்பெண்ணை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். வாரம் இரண்டு கேள்வி என்று வைத்தால், ஆறு வாரத்தில் பன்னிரண்டு கேள்விகளை மூன்று மூன்று முறை எழுதிவிடலாம்.