பாம்டேல், லங்காஸ்டர்: எந்தப் பக்கம் வீடு வாங்கலாம்?

லாஸ் ஏஞ்சலஸில் வேலை, அங்கே வீட்டு விலை கட்டுப்படியாகவில்லை, வடக்கே பாம்டேல், லங்காஸ்டர் நகரங்கள் இருக்கும் ஆன்டலோப் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் நகரத்துக்குப் போகவேண்டும் என்றால் பாம்டேலின் தென்பகுதிதான் என் தேர்வு. 14ஆம் நெடுஞ்சாலையும் மெட்ரோலிங்க் ரயிலும் கைக்கெட்டும் தூரம். ஆனால் நிலநடுக்கம் உண்டாக்கும் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அந்த வழியாகத்தான் போகிறது. அவென்யூ எஸ் அருகே நெடுஞ்சாலைக்காக வெட்டிய மேட்டில் பாறை அடுக்குகள் சுருண்டு மடங்கிக் கிடப்பதைக் காரிலிருந்தே பார்க்கலாம். வீடு நிலநடுக்கம் போன்ற அபாயப் பகுதியில் இருக்கிறதா என்று சொல்லும் இயற்கை அபாய அறிக்கையை விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். கொஞ்சம் அமைதி வேண்டுமானால் லங்காஸ்டருக்குத் தென்மேற்கே குவார்ட்ஸ் ஹில் என்ற சிற்றூரைப் பாருங்கள்.

அப்புறம், இங்கே பலமாக வீசும் காற்று. வசந்த காலத்தில், பிற்பகலில் போய்ப் பாருங்கள். காலையில் எல்லாத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். காலி நிலத்தை ஒட்டிய வீடு என்றால் ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், எவ்வளவு மணல் வருகிறது என்று தெரிந்துவிடும்.