வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு எந்த ரெக்டிஃபயர்?

கேள்வி: ஒலிபெருக்கியை இயக்கும் இரண்டு 6வி6 வால்வுகளுடன் 1950களின் பாணியில் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயரைக் கட்டி வருகிறேன். மின்மாற்றியை எப்படித் தேர்ந்தெடுப்பது? வால்வு ரெக்டிஃபயர் அவசியமா, சிலிக்கான் டையோடு போதுமா?

பதில்: மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் ரெக்டிஃபயரை முதலில் முடிவு செய்யுங்கள், மின்மாற்றி அதைப் பொறுத்தே அமையும். 5ஒய்3 என்ற ரெக்டிஃபயர் வால்வு முழுச் சுமையில் 50 வோல்ட்டுக்கும் மேல் தன்னிடமே இழப்பதால், பலமாக மீட்டும்போது மின்னழுத்தம் சற்றே தாழ்ந்து மீள்கிறது. அந்தக் காலத்து ஒலியின் இளக்கத்திற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால், உங்கள் நோக்கத்திற்கு நான் இதையே பரிந்துரைப்பேன். அதற்கு 325-0-325 வோல்ட் (நடுமுனையிலிருந்து இருபுறமும் 325 வோல்ட்), 120 மில்லி ஆம்பியர் அளவிலான மின்மாற்றியும், அதில் 5ஒய்3-இன் இழையைச் சூடாக்க 2 ஆம்பியர் தரும் தனியான 5 வோல்ட் கம்பிச்சுற்றும் தேவை. முன்பெருக்கத்திற்கான 12ஏஎக்ஸ்7 வால்வுகள் இரண்டையும் சேர்த்தால், மற்ற வால்வுகளின் இழைகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் கம்பிச்சுற்றில் 1.5 ஆம்பியர் செலவாகும், 2.5 ஆம்பியர் தரக்கூடியதாக வாங்கினால் மின்மாற்றி அதிகம் சூடாகாது.

அதே மின்மாற்றியில் சிலிக்கான் டையோடுகளைப் பொருத்தினால் மின்னழுத்தம் 400 வோல்ட்டைத் தாண்டி 6வி6 வால்வுகளை வருத்தும். மேலும், ஒவ்வொரு டையோடும் ஏறத்தாழ 920 வோல்ட் எதிர் மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், 1000 வோல்ட் டையோடு ஒன்றை மட்டும் நம்பாமல், பக்கத்திற்கு இரண்டாகத் தொடரில் இணைப்பதே முறை.

5ஒய்3 வால்வை அடுத்து வரும் முதல் மின்தேக்கி 20 மைக்ரோஃபாரடை மிஞ்சக் கூடாது. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். மின்தடை வழியாக அதை வடித்து, மீட்டரால் சரிபார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.