வகுப்பறையை வைத்தே சின்னப் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுப்பது எப்படி?

ஓர் இடம் நேர் மேலே இருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அதைச் சுருக்கித் தாளில் போட்டதுதான் வரைபடம். தென்னையில் ஏறினவர் கீழே முற்றத்தைப் பார்க்கிற மாதிரி. கிணறு வட்டமாகத் தெரியும், வீடு வெறும் கூரையாகத் தெரியும்.

பிள்ளைகளுக்கு முட்டுகிற இடமே இந்த 'மேலே இருந்து'தான். மேசையை வரையச் சொன்னால் நாலு காலோடு வரைவார்கள். தினமும் பக்கவாட்டில்தானே பார்க்கிறார்கள்! டஸ்டரைத் தாளில் வைத்து, சுற்றிப் பென்சில் ஓட்டி, பிறகு டஸ்டரை எடுத்துவிடுங்கள். மிஞ்சுகிற கட்டம்தான் டஸ்டரின் வரைபடம். அது பிடிபட்டபின் மேசை, பெஞ்ச், அலமாரி எல்லாம் தானாக வரும். தரையில் டைல்ஸ் இருந்தால் இன்னும் வசதி: ஒரு டைலுக்குக் கணக்கு நோட்டில் ஒரு கட்டம். அளவுத்திட்டம் என்ற பெயரை அப்போது சொல்லவே வேண்டாம்.

திசைக்கு, நம் குமரி மாவட்டத்தில் காந்த ஊசிகூடத் தேவையில்லை. நாகர்கோவில் பக்கம் மலை வடக்கு, கடல் தெற்கு என்று தொடங்கலாம். குளச்சல், முட்டம் போன்ற ஊர்களில் கடல் தென்மேற்கில் கிடக்கும். அங்கே காலைச் சூரியனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சுவரில் தொங்கும் படத்தைக் காட்டி 'வடக்கு எங்கே?' என்றால் சில பிள்ளைகள் கூரையைக் காட்டுவார்கள். படத்தின் மேல்விளிம்புதான் வடக்கு, ஆகாயம் அல்ல. படத்தைக் கழற்றி, மேல்விளிம்பு வடக்கே இருக்கும்படி தரையில் விரித்துவிடுங்கள்.