அறுந்த செருப்பு

கேள்வி: நடுத்தரக் குடும்பம் நொடித்துப்போவதை மனத்தில் தைக்கும்படி சொன்ன படம் எது?

பதில்: ரித்விக் கட்டக் 1960இல் எடுத்த வங்காளப் படம், 'மேகே டாக்கா தாரா'. பிரிவினையில் ஊரை இழந்து கல்கத்தா அருகே ஒண்டிய வாத்தியார் குடும்பம். மகள் நீதாவின் சம்பாத்தியத்தில்தான் உலை கொதிக்கிறது. தம்பி, தங்கை எல்லாருக்கும் வாங்கித் தருவாள். அவள் செருப்பு அறுந்தே இருக்கும்.

காதலனிடம் அவள் பேசுவதை அம்மா கேட்கிறாள். ஒலிப்பதிவில் அடுப்புக் கொதிப்பின் ஓசை ஏறிக்கொண்டே போகிறது. இவள் கல்யாணமாகிப் போய்விட்டால் நாளைக்குச் சோறு? அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவேயில்லை.

நீதாவைக் காசநோய் தின்கிறது. கடைசியில் நீதா நடந்த அதே தெருவில் இன்னொரு பெண்ணின் செருப்பு அறுகிறது. சிரித்துவிட்டு நடக்கிறாள். நான் அங்கேதான் அழுதேன்.