ஒன்பது ஆட்டமும் ஒரு கையெழுத்தும்

கேள்வி: டிராஃப்டின் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றில் எடுத்த 18 வயதுப் பையனோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டு, ஜெர்சியை மாட்டி, கேமராவுக்குச் சிரிக்கிறார்கள். அக்டோபரில் ஒன்பது ஆட்டம் ஆடவிட்டு, வந்த ஜூனியர் அணிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆடவிட மனமில்லை என்றால் ஒப்பந்தம் எதற்கு? பணத்தை மிச்சம்பிடிக்கும் தந்திரம்தானே இது?
— ஒரு ஐஸ் ஹாக்கி ரசிகர், எட்மன்டன்

பதில்: தந்திரம்தான். மறைக்க என்ன இருக்கிறது? 18, 19 வயதில் கையெழுத்திட்டவன் அந்தப் பருவத்தில் வட அமெரிக்காவின் முதல்நிலை லீகான என்.எச்.எல்.லில் பத்து ஆட்டத்தைத் தொடாவிட்டால், ஒப்பந்தத்தின் முதல் வருடம் செலவாகாமல் அடுத்த வருடத்துக்கு நகர்ந்துவிடும். மலிவான சம்பளத்தில் அவன் ஆடப்போகும் மூன்று வருடங்களும் அணிக்கு அப்படியே இருக்கும். பன்னிரண்டு, பதினைந்து என்று போகாமல் ஒன்பதில் நிற்பது அதனால்தான். ஒப்பந்தம் எதற்கு என்கிறீர்கள். கனடா ஜூனியர் லீகிலிருந்து எடுத்தவனிடம் இரண்டு வருடத்துக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் உரிமை கைநழுவிப் போகும் என்பதுதான் நீண்டகால விதியாக இருந்தது. அவன் மறுபடி டிராஃப்டுக்குள் போகவும் வழி இருந்தது. பையனுக்கும் கையெழுத்துப் பணம் வருகிறது. இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுத்தான் பேனாவை எடுக்கிறார்கள்.

அணிக்கு லாபம் என்பதாலேயே பையனுக்கு நஷ்டம் என்று முடிவுகட்டுகிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதுவும் எட்மன்டனில் உட்கார்ந்துகொண்டு.

2014 டிராஃப்டை நினைத்துப் பாருங்கள். முதலில் போனவர் ஆரன் எக்பிளாட். ஃபுளோரிடா அவரைத் திருப்பி அனுப்பவே இல்லை; 81 ஆட்டம் ஆடி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையையும் வாங்கினார். ஆனால் அவர் 15 வயதிலேயே சிறப்பு அனுமதி பெற்று ஒன்டாரியோ ஜூனியர் லீகுக்குள் நுழைந்தவர். அவரைக் காட்டி ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அளக்க முடியாது. இரண்டாவது சாம் ரைன்ஹார்ட். பஃபலோவில் சரியாக ஒன்பது ஆட்டம். கோல் ஒன்றுகூட இல்லை, ஒரே ஒரு அசிஸ்ட் (இன்னொருவர் அடித்த கோலுக்குப் பந்தாடிக் கொடுத்த கணக்கு). மூட்டையைக் கட்டிக்கொண்டு கூட்னே ஜூனியர் அணிக்குத் திரும்பினார். உங்கள் பார்வையில் தந்திரத்துக்குப் பலியானவர். அடுத்த வருடம் அதே பஃபலோவுக்கு 23 கோல் அடித்தார்.

மூன்றாவது, உங்கள் எட்மன்டன் எடுத்த லியோன் டிரைசைட்டில். முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் இடத்தில் ஆட ஆள் போதாத அணி, தோற்றுக்கொண்டே இருந்த அணி. டிசம்பரில் கோச்சையே மாற்றினார்கள். அந்த நெருக்கடியில் ஜெர்மனியிலிருந்து வந்த பையனைப் பத்தாவது ஆட்டமும் தாண்டி ஆடவைத்தார்கள். கன்றைக் கொண்டுவந்து ஏரில் பூட்டிய கதை. 37 ஆட்டத்தில் இரண்டு கோல். ஒப்பந்தத்தில் ஒரு வருடமும் கரைந்தது. 2015 ஜனவரியில்தான் ஜூனியருக்கு அனுப்பினார்கள். (நாற்பது ஆட்டங்கள் அணியில் இருந்தால் ஒரு முழுப் பருவமாகக் கணக்கில் ஏறி, அவர் விரும்பிய அணிக்குப் போகக்கூடிய சுதந்திர வீரராகும் நாள் நெருங்கும். 37-ல் நிறுத்தியது தற்செயல் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை.)

ஆனால் அனுப்பியதால் என்ன ஆனது? அவருடைய பழைய ஜூனியர் அணியான பிரின்ஸ் ஆல்பர்ட்டிடமிருந்து அவரை கெலோனா ஜூனியர் அணி வாங்கிக்கொண்டது. மேற்கு ஜூனியர் லீகின் பட்டத்தை அந்த அணி வென்றது. கனடா ஜூனியர் அணிகள் மோதும் மெமோரியல் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஓஷவாவிடம் கூடுதல் நேரத்தில் தோற்றும், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் டிரைசைட்டில்தான். அடுத்த பருவத்தையும் மேலே தொடங்கவில்லை. எட்மன்டனின் இரண்டாம் நிலை அணியான பேக்கர்ஸ்ஃபீல்டில் ஆறு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வந்தார். வந்தவர் 72 ஆட்டத்தில் 19 கோல். 2019-20-ல் 71 ஆட்டத்தில் 110 புள்ளி (கோலும் அசிஸ்ட்டும் சேர்த்து) எடுத்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையை வாங்கியவரும் இதே பையன்தான்.

மாறி மாறி இறங்கும் குழுக்களில் கடைசியான நான்காவது லைனில் ஒட்டிக்கொண்டிருக்கும் 18 வயதுக்காரனுக்கு ஓர் இரவில் எட்டோ பத்தோ நிமிடம் கிடைக்கும். ஒரு தப்பு செய்தால் அதுவும் பாதியாகும். அவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: பக் (ஆடும் ரப்பர் வட்டு) தன்னிடம் வந்தால் உடனே தட்டிவிட்டுத் தப்பிக்க வேண்டும். அதே பையன் ஜூனியரில் இருபது நிமிடத்துக்கு மேல் ஆடுவான். எதிரணியில் ஆள் குறைந்த பவர் பிளேயில் நிற்பான், தன் அணியில் ஆள் குறைந்தபோதும் நிற்பான், ஒரு கோல் முன்னிலையோடு கடைசி நிமிடம் ஓடும்போதும் நிற்பான். தப்பு செய்தாலும் அடுத்த ஷிஃப்ட், அதாவது அடுத்த முறை களமிறங்குவது, அவனுடையதுதான்.

திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டதற்கும் உங்கள் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2016-ல் நான்காவதாக எடுத்த ஃபின்லாந்துப் பையன் ஜெஸ்ஸி புல்யூயார்வி. முதல் பருவத்தில் 28 ஆட்டம், ஒரு கோல். பிறகுதான் பேக்கர்ஸ்ஃபீல்டு. அதன்பின் மேலும் கீழுமாக அலைந்து, 2019-ல் சலித்துப்போய்ச் சொந்த நாட்டு அணிக்கே திரும்பினார். ஒரு வருடம் அங்கே ஆடிவிட்டு வந்தபிறகுதான் எட்மன்டனுக்கு 15 கோல் அடித்தார். அந்த 28 ஆட்டம் நடந்தபோது இப்படி ஒரு கடிதம் எழுதினீர்களா? அப்போது அவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தெரிந்திருக்கும்.

கோபப்பட நியாயமான இடம் வேறு ஒன்று இருந்தது. கனடா ஜூனியரிலிருந்து எடுத்த பையன் 20 வயது ஆகும்வரை இரண்டாம் நிலை அமெரிக்க லீகில் முழுப் பருவம் ஆட முடியாமல் இருந்தது. மேலே இரு, இல்லையேல் ஜூனியருக்குப் போ என்ற பழைய ஏற்பாடு. ஜூனியரைத் தாண்டிவிட்ட, ஆனால் என்.எச்.எல். உடம்பு இன்னும் வராத 19 வயதுக்காரனுக்கு நடுவில் படியே இருக்கவில்லை. ஜூனியர் அணிகளின் டிக்கெட் வசூலைக் காப்பதற்கான ஏற்பாடு அது. அங்கே பையன் நிஜமாகவே நஷ்டப்பட்டான். புல்யூயார்வி ஐரோப்பாவிலிருந்து வந்ததால் அவருக்கு அந்தப் படி திறந்தே இருந்தது. அதையும் உங்கள் அணி தாமதமாகத்தான் பயன்படுத்தியது.

இன்னொன்று, உங்களுக்குக் கசக்கும். 2024 ஜூன் 24, ஸ்டான்லி கோப்பையின் ஏழாவது ஆட்டம். எட்மன்டன் 2-1 என்று தோற்றது. எதிரணியான ஃபுளோரிடாவில் எக்பிளாட் இருந்தார். வெற்றி கோலை அடித்தவர் அதே அணிக்கு ஆடிய ரைன்ஹார்ட், ஒன்பது ஆட்டத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர்.

அடுத்த அக்டோபரில் உங்கள் அணியின் 18 வயதுப் பையன் பத்தாவது ஆட்டம் ஆடினால், அன்று அவனுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். பத்துக்குக் கீழே என்றால் அணி நிர்வாகத்தைத் திட்டி நீங்கள் எழுதும் கடிதத்தை ஒரு வரி வெட்டாமல் போடுகிறேன்.