'டின்னர்' என்றால் இரவுச் சாப்பாடு மட்டும்தானா?

கேள்வி: இங்கிலாந்தில் சிலர் மதியச் சாப்பாட்டை 'டின்னர்' என்கிறார்கள். டின்னர் இரவில் சாப்பிடுவதுதானே? அவர்கள் சொல்வது தவறா?

தவறே இல்லை. சொல்லின் வேரைத் தேடிப் போனால் டின்னர் மதியத்தையும் தாண்டிக் காலைக்கே போய்விடும். அகராதியில் முதன்முதலாக இதைப் பார்த்தபோது மறுபடியும் படித்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

லத்தீனில் 'யெயூனுஸ்' என்றால் வெறும் வயிற்றோடு இருப்பவர். அதன் முன்னால் விலக்கலைக் குறிக்கும் 'திஸ்' சேர்ந்து, பட்டினியை முடிப்பதற்குப் பேச்சு லத்தீனில் ஒரு வினைச்சொல் பிறந்தது. ஏகாதசி விரதம் இருந்தவர் மறுநாள் காலையில் சாப்பிடுவதைப் பாரணை என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். அந்த வினை பழைய பிரெஞ்சில் 'திஸ்னேர்' என்று தேய்ந்தது. 1066இல் பிரான்ஸின் வடக்கிலிருந்து வந்த, பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அங்கே வந்து குவிந்த பிரெஞ்சுச் சொற்களோடு இதுவும் சேர்ந்து, 1300 வாக்கில் ஆங்கிலச் சொல்லாகிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலைச் சாப்பாட்டுக்குத் தங்கள் சொந்தச் சொற்களைக் கூட்டி 'பிரேக்ஃபாஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் பொருள் விரதத்தை முடிப்பது! ஒரே பொருளுள்ள இரண்டு சொற்கள், ஒரே நாளின் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு.

அந்தக் காலத்தில் டின்னர் என்பது நாளின் பெரிய சாப்பாடு, நண்பகலையொட்டி முடிந்துவிடும். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் செல்வந்தர்கள் அதைப் பிற்பகலுக்குத் தள்ளினார்கள். அது மேலும் நகர்ந்து மாலைக்குப் போனது. நடுவில் விழுந்த இடைவெளியை நிரப்ப லஞ்ச் வந்தது. உழைப்பாளி வீடுகளில் பழைய நேரமும் பெயரும் மாறவில்லை. வட இங்கிலாந்தில் பலருக்கு இன்றும் மதியச் சாப்பாடுதான் டின்னர். பிரிட்டிஷ் பள்ளிகளில் மதியம் போடுவதற்குப் பெயரே 'ஸ்கூல் டின்னர்'.

சிறுகுடலின் நடுப்பகுதியை மருத்துவர்கள் 'ஜெஜூனம்' என்பதும் 'யெயூனுஸ்' என்ற அதே லத்தீன் வேர்தான். உடலை அறுத்துப் பார்த்தபோது அது காலியாகவே இருந்ததால் அந்தப் பெயர்.

எந்த வேளைக்கு எந்தப் பெயர் என்ற இதே குழப்பம் பிரெஞ்சிலும் உண்டு. அதே வினையிலிருந்து வந்த இன்னொரு சொல் 'தெஜுனே'. பாரிஸில் உங்களை தெஜுனேவுக்கு அழைத்தால் மதியம் போங்கள். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் அழைத்தால் காலையிலேயே கிளம்ப வேண்டும். அங்கே டின்னரின் பிரெஞ்சு வடிவமான 'தினே'தான் மதியச் சாப்பாடு.