ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா: பயாப்சி ரிப்போர்ட்டில் வரும் 'வகை'யும் டாக்டர் சொல்லும் 'ஸ்டேஜ்'உம் ஒன்றா?

இல்லை. வகையை மைக்ராஸ்கோப் சொல்லும். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஸ்டேஜ் சொல்லும்.

தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர் 1832-இல் விவரித்த இந்த நிணநீர் மண்டலப் புற்றுநோயில் ஒரு விசித்திரம் உண்டு. வீங்கிய நிணநீர்க் கணுவில் உண்மையான புற்றுச் செல்கள் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் அவை வரவழைத்துக்கொண்ட சாதாரண அழற்சிச் செல்கள். அந்தப் புற்றுச் செல்தான் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்: ஆந்தைக் கண் போல இரட்டை உட்கரு, பிறப்பில் பி லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு. செல்லை அடையாளம் காட்டும் புரதங்களான சிடி30, பெரும்பாலும் சிடி15 ஆகியவற்றுக்கான சோதனைகளில் நிறமேறும். எண்ணிக்கை இவ்வளவு குறைவு என்பதால்தான் ஊசிச் சோதனை மட்டும் போதாது, கணுவையே எடுத்துப் பார்ப்பது நல்லது என்கிறார்கள்.

இந்த நோயின் முக்கியப் பிரிவான கிளாசிக்கல் பிரிவில் நான்கு வகை. அதிகம் காணப்படுவது நோடுலர் ஸ்கிளிரோசிஸ். நார்த்திசுப் பட்டைகள் கணுவைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கும். மிக்ஸ்டு செல்லுலாரிட்டியில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் தொடர்பு அதிகம். லிம்ஃபோசைட் மிகுந்தது, குறைந்தது என்ற மற்ற இரண்டும் அரிது. சிடி20 காட்டும் 'பாப்கார்ன்' செல்கள் கொண்ட வகை தனி; 2022-இல் ஒரு சர்வதேச வகைப்பாடு அதை ஹாட்ஜ்கின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

அப்புறம் ஸ்டேஜ். உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) ஒரே பக்கத்தில் இரண்டோ அதற்கு மேலோ கணுப் பகுதிகள் என்றால் 2, இருபக்கமும் என்றால் 3, கல்லீரல், எலும்பு மஜ்ஜை வரை போயிருந்தால் 4. கூடவே 'பி' என்றிருந்தால் காய்ச்சல், இரவு வியர்வை, எடை இழப்பு இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். சிகிச்சையைத் தீர்மானிப்பதில், கிளாசிக்கல் பிரிவுக்குள், வகையைவிட ஸ்டேஜுக்கே எடை அதிகம்.